பலகையடித்த அரசு வீடுகள்: ஒரு வீடு காலியானால் தெரு எப்படிச் சரிகிறது?

சிகாகோ வீட்டுவசதி ஆணையம் 2014-இல் காத்திருப்போர் பட்டியலைத் திறந்தபோது இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பெயர் பதிந்தன. அதே ஆணையத்திடம் அப்போது ஆள் குடியேறாத வீடுகள் இருந்தன. கட்டடங்களை இடித்துவிட்டுப் புல் முளைக்க விட்ட மனைகளும் இருந்தன. அமெரிக்க நகரங்களைப் பற்றிய செய்திகளில் இந்த முரண்பாடு அடிக்கடி தென்படும்: வீட்டுக்காக வரிசை ஒருபுறம், ஜன்னலுக்குப் பலகை அடித்த வீடுகள் மறுபுறம்.

படிப்பவருக்கு இரண்டு விளக்கங்கள் சட்டென்று தோன்றும். குடியிருந்தவர்கள் பாழாக்கிவிட்டார்கள் என்பது ஒன்று. அரசிடம் பணமில்லை என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது. இரண்டாவதில் உண்மை உண்டு, ஆனால் அரை உண்மை. ஒரு வீட்டுக்குப் பலகை அடிப்பது நிர்வாகம் எடுக்கும் முடிவு. அந்த முடிவு பக்கத்து வீட்டையும், மாடியையும், தெருவையும் சேதப்படுத்துகிறது. கடைசியில் அந்தச் சேதமே மொத்தக் குடியிருப்பையும் இடிக்கச் சட்டபூர்வமான ஆதாரமாகிறது.

அடிப்படை: யார் கட்டியது, யார் பராமரிப்பது?

அமெரிக்காவில் பொது வீட்டுவசதி என்பது 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்கும். வீடுகளின் உரிமையாளர் உள்ளூர் வீட்டுவசதி ஆணையம். அன்றாடப் பராமரிப்பை ஆணையம் வாடகை வருமானத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட், கொதிகலன், கூரை, காவல், துப்புரவு எல்லாம் குடியிருப்பவர் தரும் வாடகையில்தான் ஓடியாக வேண்டும்.

குடியிருப்பவர்களுக்கு நிலையான தொழிற்சாலை வேலை இருந்தவரை இந்த ஏற்பாடு தாக்குப்பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடுத்தர வருவாய்க் குடும்பங்கள், குறிப்பாக வெள்ளையர்கள், அரசு உத்தரவாதம் பெற்ற வீட்டுக்கடனுடன் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். கறுப்பினத்தவருக்கு அந்தக் கடனும் அந்தப் புறநகரும் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. மிக ஏழைகள் மட்டுமே அரசு வீடுகளில் மிஞ்சியபோது வாடகை வருமானம் சரிந்தது. கட்டடங்களுக்கோ வயதாகிக்கொண்டிருந்தது.

1969-இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம் வாடகையைக் குடும்ப வருமானத்தில் 25 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது (1981-இல் இது 30 ஆனது). ஏழைகளுக்கு அது மிகவும் தேவையான பாதுகாப்பு. ஆனால் அதனால் ஆணையங்கள் இழந்த வருமானத்தை ஈடுகட்டும் அளவுக்கு மத்திய அரசின் மானியம் வரவில்லை. தள்ளிப்போட்ட பழுதுபார்ப்பு ஆண்டுக்காண்டு சேர்ந்தது. 2010-இல் மத்திய வீட்டுவசதித் துறைக்காகச் செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் தேங்கிக் கிடந்த பழுதுபார்ப்புப் பணிகளின் மதிப்பு ஏறக்குறைய 2,600 கோடி டாலர்.

ஒரு வீடு காலியாகவே நின்றுவிடுவது எப்படி?

குடும்பங்கள் வருவதும் போவதும் எந்த வாடகைக் குடியிருப்பிலும் சகஜம். காலியான வீட்டில் சில வாரங்களில் அடுத்தவர் குடியேறாமல் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அது பொதுவாக இப்படி நடக்கிறது:

1. குடும்பம் வெளியேறுகிறது. வீட்டைப் பார்வையிடுபவர் பழுதுப் பட்டியல் எழுதுகிறார். பழைய கட்டடம் என்றால் அந்தப் பட்டியலில் வெள்ளையடிப்பதோடு வேலை முடியாது. குழாய், மின்கம்பி, உடலுக்குக் கேடான ஈய வண்ணப்பூச்சு, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்று நீளும்.

2. ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய தொகையைப் பழுதுச் செலவு தாண்டிவிடுகிறது. குறைந்த செலவில் தயாராகும் வீட்டுக்கு ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள். இது பின்னுக்குப் போகிறது.

3. வேறொரு வீட்டில் அடுப்போ குளிர்பதனப் பெட்டியோ கெட்டால், காத்திருக்கும் வீட்டிலிருந்து கழற்றிக் கொடுக்கிறார்கள். இப்போது அதன் பழுதுச் செலவு இன்னும் கூடுகிறது.

4. உள்ளே யாரும் நுழையாமலிருக்க ஜன்னலிலும் கதவிலும் ஒட்டுப்பலகை அல்லது இரும்புத் தகடு அடிக்கப்படுகிறது.

5. அந்த வீட்டின் வாடகை நின்றுபோகிறது. மத்திய அரசின் பராமரிப்பு மானியமும் பெரும்பாலும் ஆள் இருக்கும் வீடுகளைக் கணக்கிட்டே தரப்படுகிறது. புதுப்பிப்புப் பணி, வழக்கு, பேரிடர் போன்ற அனுமதிக்கப்பட்ட காரணங்கள் தவிர, மூன்று விழுக்காடு வரையிலான காலி வீடுகளுக்கே இன்றைய விதியில் இடமுண்டு.

ஐந்தாவதில்தான் முடிச்சு இறுகுகிறது. வருமானம் குறைகிறது, செலவு குறைவதில்லை. நூறு வீடுகளுக்கு ஓடிய கொதிகலன் அறுபது வீடுகளுக்கும் அதே எரிபொருளைக் குடிக்கிறது. லிஃப்டுக்கும் கூரைக்கும் பாதி ஆட்கள் போனால் பாதிச் செலவு என்ற கணக்கு கிடையாது. மிச்சமிருக்கும் வீடுகளுக்கான பராமரிப்புப் பணத்தை இந்தக் காலி வீடுகள் தின்கின்றன. அங்கே குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய ஆள் வர மாதங்கள் ஆகின்றன. போக்கிடம் உள்ள குடும்பம் வெளியேறுகிறது. இன்னொரு வீட்டுக்குப் பலகை.

புரூயிட்-ஐகோ: எல்லோரும் கட்டடக் கலையைக் குறை சொன்ன இடம்

இந்தச் சுழல் முழுவதுமாக வெளிச்சத்துக்கு வந்த முதல் இடம் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே 1950-களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்ட புரூயிட்-ஐகோ குடியிருப்பில் 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடுகள். வடிவமைத்தவர் மினோரு யமசாகி. நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களை வடிவமைத்தவரும் அவரே. 1957-இல் 91 விழுக்காடு வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். 1971-இல் 17 கட்டடங்களில் ஏறக்குறைய 600 பேர் மட்டுமே எஞ்சியிருந்தார்கள். மற்ற 16 கட்டடங்கள் பலகையடித்து மூடப்பட்டிருந்தன. 1972 மார்ச்சில் முதல் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, 1976-க்குள் எல்லாம் போய்விட்டன.

அந்த வெடிப்பின் படம் உலகமெங்கும் பரவி, நவீனக் கட்டடக் கலையின் தோல்விக்குச் சின்னமாக்கப்பட்டது. வடிவமைப்பில் பிழைகள் இருந்தது உண்மைதான். செலவைக் குறைப்பதற்காக லிஃப்ட் 1, 4, 7, 10-ஆம் தளங்களில் மட்டும் நின்றது. மற்றத் தளத்துக்காரர்கள் வெளிச்சமில்லாத படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஆனால் செயின்ட் லூயிஸ் நகரத்தின் மக்கள்தொகையைப் பாருங்கள்: 1950-இல் 8,56,796, 1970-இல் 6,22,236, 1980-இல் 4,52,801. வளரும் என்று நம்பிக் கட்டிய நகரம் சுருங்கிக்கொண்டிருந்தது. பராமரிப்புக்கு ஒரே வழி வாடகை. அது குறையக் குறைய ஆணையம் வாடகையை ஏற்றியது. வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1969-இல் குடியிருப்பவர்கள் ஒன்பது மாதம் வாடகை தர மறுத்துப் போராடினார்கள்.

எதிர்த் தெருவிலேயே கார் ஸ்குவேர் வில்லேஜ் என்ற தாழ்வான அரசுக் குடியிருப்பு இருந்தது. அங்கும் இதே மாதிரி ஏழைக் குடும்பங்கள்தான். புரூயிட்-ஐகோ சரிந்த காலம் முழுக்க அங்கே வீடுகள் நிறைந்தே இருந்தன. இதைச் சுட்டிக்காட்டிய திட்டமிடல் ஆய்வாளர் ஆஸ்கர் நியூமன், கட்டட அமைப்புதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று வாதிட்டார். அந்த முடிவை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தாழ்வான கட்டடத்தைப் பராமரிக்கும் செலவே குறைவு என்பதும் கணக்கில் வர வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் இந்த ஒப்பீட்டில் ஐயமின்றித் தெரிகிறது. குடியிருந்த மக்களின் குணத்தைக் காரணம் காட்ட இடமே இல்லை.

சுவரின் மறுபக்கம்

பலகையடித்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாழ்வது எப்படியிருக்கும்? சிகாகோவில் ஜனவரி மாத வெப்பநிலை நீர் உறையும் நிலைக்கு வெகுவாகக் கீழே போகும். காலி வீட்டில் ஜன்னல் உடைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கிறது. உயரக் கட்டடத்தில் ஒரே செங்குத்துக் குழாய் எல்லா மாடிகளுக்கும் பொது. ஏழாம் மாடியில் ஆளில்லாத வீட்டில் வெடித்த குழாய் ஆறாம் மாடிக் குழந்தையின் படுக்கையை நனைக்கிறது, கட்டடம் முழுவதற்கும் வெப்பத்தை நிறுத்துகிறது. 1999 ஜனவரியில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் குடியிருப்பில் சில கட்டடங்கள் மூடப்பட்டதே குழாய்கள் உறைந்து வெடித்ததால்தான். காற்றோட்டமில்லாத வீடு பூஞ்சை பிடித்து, எலிக்கும் கரப்பானுக்கும் கிடங்காகிறது. பூச்சி மருந்து அடிப்பவர் ஆள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் அடித்துவிட்டுப் போனால், இரண்டு வாரத்தில் எல்லாம் திரும்பி வரும்.

அச்சத்துக்கு வருவோம். சிகாகோவின் சில உயரக் கட்டடங்களில் அடுத்தடுத்த வீடுகளின் குளியலறைகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி அமைந்திருந்தன. இடையில் குழாய்கள் போகும் ஒடுக்கமான சந்து. இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்த மருந்து அலமாரி, சுவரில் சில ஆணிகளில் நிற்பது. ஒருபக்கத்து அலமாரியைக் கழற்றிவிட்டுச் சந்துக்குள் நுழைந்து, மறுபக்கத்து அலமாரியைத் தள்ளினால் அடுத்தவர் குளியலறைக்குள் இறங்கிவிடலாம். 1987-இல் கிரேஸ் ஆபட் ஹோம்ஸில் தனியே வசித்த ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அப்படி நுழைந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்து வீட்டில் குடும்பம் இருந்தால் இந்த வழி அடைபட்டே கிடக்கும். அது காலியாக இருந்தால், முன்கதவில் எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை.

1992-இல் சிகாகோவின் காப்ரினி-கிரீன் குடியிருப்பில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போன ஏழு வயதுச் சிறுவன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். காலி வீடுகள் மலிந்திருந்த ஒரு கட்டடத்தின் 10-ஆம் மாடியிலிருந்து அந்தக் குண்டு வந்தது. பாதி காலியான கட்டடத்தில் குற்றக் கும்பலுக்கு யாரிடமும் வாடகைக்கு இடம் கேட்க வேண்டியதில்லை. ஆயுதம் பதுக்க, போதைப்பொருள் விற்க, மறைந்து குறிபார்க்க ஆயத்தமாக அறைகள் இருந்தன. அந்த அறைகளை யாரும் குடியேறாமல் வைத்திருந்தது கும்பல் அல்ல.

தெருவும் பள்ளியும்

காலி வீடுகளின் விளைவு வளாகத்தின் வேலியோடு நிற்பதில்லை. மளிகைக் கடைக்கும் சலவைக் கடைக்கும் வாடிக்கையாளர் குறைகிறார்கள். இரவில் விளக்கெரியும் ஜன்னல்கள் இல்லாத பக்கமாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கப் பெண்கள் அஞ்சுகிறார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளியின் நிதி குறைகிறது. 2013-இல் சிகாகோ நகரம் ஒரே தவணையில் ஏறக்குறைய 50 பொதுப் பள்ளிகளை மூடியது. இடத்துக்கேற்ற மாணவர் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். தெற்குப் பகுதியில் மாணவர் குறைந்ததற்குப் பொதுக் குடியிருப்புகள் காலியாகி இடிக்கப்பட்டதும் ஒரு காரணம்.

பலகையின் தோற்றமே தனியாகக் கெடுதல் செய்கிறதா என்ற கேள்விக்குப் பிலடெல்பியாவிலிருந்து ஒரு பதில் கிடைத்தது. அங்கே 2011 முதல், கைவிடப்பட்ட கட்டடங்களின் உரிமையாளர்கள் பலகைக்குப் பதிலாக இயங்கும் கதவும் ஜன்னலும் பொருத்த வேண்டும் என்ற விதி அமலானது. இவை தனியார் கட்டடங்கள்தான். ஆனால் 2015-இல் வெளியான ஆய்வில், விதிக்குக் கட்டுப்பட்ட கட்டடங்களைச் சுற்றித் துப்பாக்கித் தாக்குதல்கள் உட்படப் பல குற்றங்கள் குறைந்திருந்தது தெரிந்தது. உள்ளே இன்னும் ஆளில்லை, மாறியது முகப்பு மட்டுமே. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற செய்தியைப் பலகை ஊருக்கே அறிவிக்கிறது; கண்ணாடி ஜன்னல் அப்படி அறிவிப்பதில்லை.

காலி விகிதமே குற்றப்பத்திரிகையான கதை

இனி வருவது சட்டம். இதில் மூன்று கட்டங்கள் உண்டு, வரிசை முக்கியம்.

1. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் அரசு வீட்டை இடித்தால் அதற்கு ஈடாக இன்னொரு வீடு தர வேண்டும். மத்திய அனுமதி இல்லாமல் இடிக்கவும் கூடாது. நோக்கம் நல்லது, ஆனால் ஈடு கட்டப் பணம் போதவில்லை. இடிக்கவும் முடியாமல், பழுதுபார்க்கவும் செய்யாமல், ஆணையங்கள் கட்டடங்களைக் காலியாக விட்டன. சிகாகோவின் மேற்குப் பகுதியிலுள்ள ஹென்றி ஹார்னர் ஹோம்ஸில் 1990-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதி வீடுகள் காலி. அங்கிருந்த தாய்மார்கள் சங்கமாகச் சேர்ந்து 1991-இல் வழக்குத் தொடுத்தார்கள். கடப்பாரை எடுக்காமலே எங்கள் வீடுகளை இடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

2. 1995-இல் ஈட்டு விதி நிறுத்திவைக்கப்பட்டது, 1998-இல் நீக்கப்பட்டது. இடையில் 1996-இல் ஒரு சோதனை வந்தது. 300-க்கும் மேற்பட்ட வீடுகளும் 10 விழுக்காட்டுக்கு மேல் காலி வீடுகளும் உள்ள குடியிருப்புகளில், புதுப்பிக்கும் செலவையும் அந்தக் குடும்பங்களுக்கு வாடகை வவுச்சர் (தனியார் வீட்டில் குடியிருக்க அரசு தரும் வாடகை உதவி) தரும் செலவையும் ஒப்பிட வேண்டும். வவுச்சர் மலிவென்றால் குடியிருப்பை அகற்ற வேண்டும். சிகாகோவில் ஏறக்குறைய 18,000 வீடுகள் இந்தச் சோதனையில் தோற்றன.

3. 1998-இல் செனட்டர் லாக் ஃபேர்கிளாத் பெயரிலான திருத்தம், எந்த ஆணையமும் 1999 அக்டோபர் 1 அன்று வைத்திருந்ததைவிட அதிக அரசு வீடுகளை மத்திய நிதியில் கட்ட முடியாமல் செய்தது.

இரண்டாவது கட்டத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். வீட்டை நிரப்பும் பொறுப்பு ஆணையத்துக்கு. அது நிரப்பவில்லை. நிரப்பாததன் அளவுதான் குடியிருப்பு தேறாது என்பதற்கான முதல் சான்று. பழுதைத் தள்ளிப்போட்ட ஆண்டுகளின் செலவெல்லாம் புதுப்பிக்கும் செலவில் ஏறி நின்றது, அதுவே இரண்டாவது சான்று. தண்டனையோ குடியிருந்தவர்களுக்கு. இது எனக்கு அநீதியாகவே படுகிறது. சிகாகோ 2000-இல் தொடங்கிய பெருந்திட்டத்தில் 25,000 வீடுகளைப் புதிதாகவோ புதுப்பித்தோ பத்தாண்டுக்குள் தருவதாக உறுதியளித்தது. கடைசியாக இடிபட்ட ராபர்ட் டெய்லர் கட்டடம் 2007-இல் போனது, காப்ரினி-கிரீனின் கடைசி உயரக் கட்டடம் 2011-இல் போனது. பத்தாண்டு கடந்தும் மாற்று வீடுகள் முழுமையாக வரவில்லை. கிரேஸ் ஆபட் ஹோம்ஸ் இருந்த வட்டாரத்தில் வீடுகளுக்காக ஒதுக்கிய நிலத்தின் ஒரு பகுதி தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றின் பயிற்சி மைதானமானது.

நியூ ஆர்லியன்ஸில் இவ்வளவு காலம்கூட எடுக்கவில்லை. 2005-இல் கத்ரீனா புயலுக்காக ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் திரும்பியபோது, லஃபிட் போன்ற குடியிருப்புகளின் கதவுகளிலும் ஜன்னல்களிலும் இரும்புத் தகடுகள் அடிக்கப்பட்டிருந்தன. 1940-களின் கெட்டியான செங்கல் கட்டடங்கள் அவை; பல வீடுகளில் சேதம் பெரிதல்ல என்று குடியிருந்தவர்கள் வாதாடினார்கள். 2007 டிசம்பர் 20 அன்று நகர மன்றம் நான்கு பெரிய குடியிருப்புகளை இடிக்க ஒருமனதாக வாக்களித்தது. ஊரில் வாடகை வீடு கிடைக்காமல் மக்கள் தவித்த காலம் அது.

இடித்தது பிள்ளைகளுக்கு நல்லதாயிற்றே?

இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. பொருளியலாளர் எரிக் சின் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 1990-களில் இடிக்கப்பட்ட சிகாகோ கட்டடங்களிலிருந்து வெளியேறிய பிள்ளைகளையும், அதே குடியிருப்பில் இடிபடாத கட்டடங்களில் இருந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டது. வெளியேறியவர்கள் வளர்ந்தபின் வேலையில் இருக்கும் வாய்ப்பு 9 விழுக்காடும், சம்பாத்தியம் 16 விழுக்காடும் அதிகமாக இருந்தன. வவுச்சருடன் வெளியேறியது அந்தப் பிள்ளைகளுக்கு நன்மை செய்தது என்பதை மறுக்கக் கூடாது.

ஆனால் ஒப்பீடு எதனோடு என்பதைக் கவனிக்க வேண்டும். மறுபக்கத்தில் இருந்தவை பல ஆண்டுகள் பராமரிப்பின்றி, காலி வீடுகள் சூழ நின்ற கட்டடங்கள். நன்றாகப் பராமரிக்கப்பட்ட, நிறைந்த குடியிருப்போடு அந்த ஆய்வு ஒப்பிடவில்லை. அப்படியொன்று அங்கே மிச்சமும் இல்லை. அழுகவிட்ட கட்டடத்திலிருந்து வெளியேறுவது நல்லது என்று நிரூபித்தால், அழுகவிட்டது சரியென்று ஆகிவிடாது. மேலும், சிகாகோவையும் அட்லாண்டாவையும் ஆராய்ந்த ஆய்வாளர்கள், இடிப்பால் நகர அளவில் குற்றம் சற்றுக் குறைந்தாலும், இடம்பெயர்ந்த குடும்பங்கள் நெருக்கமாகக் குவிந்த சில வட்டாரங்களில் அது எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று கண்டார்கள். வவுச்சர் கையில் இருந்தும், ஏற்கெனவே ஏழ்மையான பகுதிகளில்தான் பலருக்கு வீடு கிடைத்தது.

ஹார்னரில் நடந்தது

தாய்மார்கள் தொடுத்த அந்த வழக்கு 1995-இல் சமரசத் தீர்ப்பில் முடிந்தது. வேறு குடியிருப்புகளுக்குக் கிடைக்காத சில பிடிமானங்களை அது தந்தது. எது இடிபடும், எது புதுப்பிக்கப்படும் என்பதில் குடியிருப்பவர்களுக்குக் குரல் இருந்தது. ஹார்னரின் ஒரு பகுதியிலிருந்த குடும்பங்கள் தங்கள் கட்டடங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று வாக்களித்தன. அவை இடிக்கப்படாமல் புதுப்பிக்கவும்பட்டன. இடிபட்டவற்றுக்கு மாற்று வீடு கொடுக்கும் கடமையும் ஆணையத்தின் மீது ஏறியது. மற்ற இடங்களில் கட்டடம் முதலில் போனது, மாற்று வீடு வாக்குறுதியாக நின்றது. இங்கே நீதிமன்றத்தின் கண்காணிப்பு தொடர்ந்ததால் ஆணையத்தால் அப்படி நழுவ முடியவில்லை.

இன்று நியூயார்க்கில் பிரச்சினை வேறு வடிவில் நிற்கிறது. ஏறக்குறைய 1,77,000 வீடுகள் கொண்ட அந்நகர வீட்டுவசதி ஆணையத்தில், ஒரு குடும்பம் வெளியேறியதும் ஈயத்துக்கும் கல்நாருக்கும் சோதனை செய்து அகற்றிய பிறகே அடுத்தவரை விட முடியும். அதனால் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன, காலி வீடுகளின் எண்ணிக்கை ஆயிரங்களில் போனது. சோதனை தேவையானது, அதைக் குறுக்குவழியில் தாண்டக் கூடாது. ஆனால் பணமும் ஆளும் அந்த வேலைக்கு முதலில் போகாவிட்டால் சிகாகோவில் நடந்ததே அங்கும் நடக்கும். ஒரு குடியிருப்பின் நிலையை அறிய எத்தனை வீடுகள் காலி என்று மட்டும் கேட்பது போதாது. ஒரு வீடு காலியானால் எத்தனை நாளில் நிரம்புகிறது, பழுதுக்கு எழுதிய மனு எத்தனை நாளில் தீர்கிறது என்ற இரண்டையும் ஆணையம் மாதந்தோறும் கட்டடவாரியாக வெளியிட வேண்டும். காலி விகிதம் பத்து விழுக்காட்டைத் தொடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த இரண்டு எண்களில் நோய் தெரிந்துவிடும், குடியிருப்பவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் போகலாம்.